மூட்டு வலிக்குப் பூசும் மருந்து
(தோட்டத்துப் பிரட்டுக்களத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



மலை ஏறி இறங்கி முழங்கால் தேஞ்சு போனவங்க, கொழுந்து பறிச்சு விரல் மூட்டு வீங்கினவங்க இங்கே நிறையப் பேர் இருக்கீங்க. போன வருஷம் நம்ம லயத்து அம்மா ஒருத்தர் கடையில் வலிக் குளிசை வாங்கி, மாதக் கணக்கில் வெறும் வயிற்றில் போட்டிருக்கிறார். ஒருநாள் மலம் தார் போலக் கறுத்துப் போச்சு. பதுளைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வயிற்றில் புண், இரத்தக் கசிவு. நல்ல வேளை, பிழைத்துவிட்டார்.

டைக்ளோபெனாக் என்ற மருந்து குளிசையாகவும் வருகிறது, பூசுகிற ஜெல்லாகவும் வருகிறது. குளிசை இரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கச் சுற்றித்தான் முழங்காலுக்கு வரும். ஜெல் பூசினால் இரத்தத்தில் சேருவது, குளிசையில் சேருவதில் சுமார் 6 சதவீதம்தான்.

ஆனால் தோல் லேசில் வழி விடாது. அதன் மேல்தட்டு ஒரு தலைமுடியின் தடிப்புக்கூட இல்லை. செத்த செல்கள் கல் அடுக்கினது போலவும், நடுவே கொழுப்பு சாந்து போலவும் இருக்கும். நாள் முழுக்க மழையில் நனைந்தாலும் தண்ணி உடம்புக்குள் இறங்காதது அதனால்தான். ஜெல்லில் சேர்க்கும் ஸ்பிரிட்டு வகைகள் அந்தச் சாந்தை இளக்கி மருந்தை உள்ளே விடும். மிக நுண்ணிய ஊசிகள் பதித்த பிளாஸ்டர் மூலம் மருந்தைச் செலுத்தவும் ஆராய்ச்சி நடக்கிறது. நம்ம டிஸ்பென்சரிக்கு அது வரும்போது பார்ப்போம்!

2016இல் கொக்ரேன் என்ற ஆய்வு அமைப்பு பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. இந்த மருந்தைப் பூசிய 100 பேரில் சுமார் 60 பேருக்கு மூட்டுத் தேய்வு வலி நன்றாகக் குறைந்தது. மருந்தில்லாத களிம்பு பூசியவர்களிலும் 50 பேருக்குக் குறைந்தது. அதனால் அற்புதம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வயிற்றுக்கு ஆபத்து குறைவு.

முழங்காலுக்கும் விரலுக்கும் உதவும். இடுப்பு மூட்டு ஆழத்தில் இருப்பதால் எட்டாது. பல மூட்டுகள் சேர்ந்து வீங்கி, காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தால் அது வேறு வாதம், டாக்டரிடமே போங்க.

பயறளவு தடவிவிட்டு "கேக்கலை ஐயா" என்று சொல்லாதீங்க. 1 சதவீத ஜெல் என்றால் முழங்காலுக்கு ஒரு தடவைக்கு 4 கிராம், நாளைக்கு 4 தடவை. பூசிய இடத்தில் ஒத்தடம் கொடுக்காதீங்க, துணியால் இறுக்கிக் கட்டாதீங்க. மருந்து அளவு மீறி இறங்கும். தைலம் தேய்த்த இடத்துக்கும் அப்படித்தான், தோல் வெந்துபோகும். தைலப் போத்தலைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்க. கர்ப்பிணிகளும், சிறுநீரக, இருதய வருத்தம் உள்ளவர்களும் கேட்காமல் பூச வேண்டாம்.

அடுத்த கிளினிக்குக்கு வரும்போது இப்போ போடுகிற குளிசைகளையும் பையில் எடுத்துக்கொண்டு வாங்க. யாரும் ஏச மாட்டோம்.