பதின்மூன்று மைல் ஓடத்தான் வேண்டுமா?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த மேடையில் ஏறுகிறவர்கள் தாம் ஆராய்ந்து முடிவு கண்ட ஒரு பொருளைப் பற்றிப் பேசுவதே வழக்கம். நானோ இன்னும் முடிவு காணாத ஒரு விஷயத்தை உங்கள் முன் கொண்டு வந்திருக்கிறேன். செயலாளர் அண்ணனிடம் இதைச் சொன்னபோது, "முடிவு தெரியாவிட்டால் என்ன, நேரத்துக்கு முடித்தால் போதும்" என்றார். ஆகவே துணிந்து தொடங்குகிறேன்.

பல்கலைக்கழகத்தில் என்னோடு படிக்கும் நண்பர்கள் சிலர் கொழும்பு மரதன் போட்டியில் அரை மரதன் ஓடுவதென்று தீர்மானித்து, என்னையும் அழைத்திருக்கிறார்கள். போகலாமா, வேண்டாமா? இதுதான் கேள்வி.

நம் ஊரில் மரதன் என்ற சொல்லை நாம் தாராளமாக வழங்குகிறோம். பாடசாலை விளையாட்டுப் போட்டியிலும் சித்திரைப் புத்தாண்டு விழாவிலும் மூன்று மைல் ஓடினாலும் அது மரதன்தான். உண்மையான மரதன் 42.195 கிலோமீற்றர். 1896 ஆம் ஆண்டு ஏதென்சில் முதல் ஒலிம்பிக் மரதனை வென்ற ஸ்பிரிடோன் லூயிஸ் என்பவர் தண்ணீர் சுமந்து விற்றுப் பிழைத்த ஏழை. அன்றைய தூரம் சுமார் 40 கிலோமீற்றர்தான். 1908 இல் இலண்டனில் ஓடிய தூரமே 1921 இல் நிரந்தர அளவாக ஏற்கப்பட்டது. அதிற் பாதி 21.0975 கிலோமீற்றர், அதாவது 13 மைலுக்குச் சற்று மேல். மாத்தளையிலிருந்து கண்டி வீதியில் ஓடத் தொடங்கினால் கட்டுகஸ்தோட்டைக்குக் கிட்டத்தட்டப் போய்ச் சேரலாம். அந்தப் பாதையில் பஸ்ஸில் நின்றுகொண்டு போனவர்களுக்கு அது எவ்வளவு தூரம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஓட்டத்தைப் பற்றி நான் முதன்முதல் கேட்ட பிரசங்கம் மிஷன் பாடசாலையில். பவுலடியார் தம் கடிதங்களில் ஓட்டப் பந்தயத்தை உவமையாக எடுத்தாண்டிருக்கிறார். எங்கள் பாதிரியாருக்கு அது மிகவும் பிடித்த பகுதி. பிரசங்கம் முடிந்ததும் அவரே எங்களை மைதானத்தைச் சுற்றி நான்கு முறை ஓட விடுவார். அதன் பின் பரீட்சை, தனிவகுப்பு, மறுபடி பரீட்சை. ஆறு ஆண்டுகளாக நான் பஸ்ஸைப் பிடிப்பதற்கன்றி வேறெதற்கும் ஓடியதில்லை.

நம் சமயப் பெரியோர் இதற்கு என்ன சொல்வார்கள் என்று சிந்தித்தேன். 1897 ஜனவரியில் மேனாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்த சுவாமிகள் கொழும்பிலும் கண்டியிலும் தங்கி, நமது மாத்தளைக்கு வந்து ஓர் இரவு கழித்து, இங்கிருந்து குதிரை வண்டியில் யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்டார். தம்புள்ளைக்கு அப்பால் ஓர் இறக்கத்தில் வண்டியின் முன்சக்கரம் உடைந்து மூன்று மணி நேரம் வழியில் நிற்க நேர்ந்தது. அதன் பின் சென்னையில் நிகழ்த்திய சொற்பொழிவொன்றில், வாலிபருக்கு முதலில் வேண்டியது உடல் வலிமை, கீதையை விளங்கிக்கொள்வதற்குக்கூடக் காற்பந்தாட்டம் துணை செய்யும் என்னும் கருத்தை வெளியிட்டார். இந்தக் கருத்தை நம் பெரியோர்கள் மேடையில் அடிக்கடி எடுத்துச் சொல்கிறார்கள். ஆனால், மாலையில் மகன் பந்தை எடுத்துக்கொண்டு இறங்கினால், "புத்தகம் எங்கேடா?" என்று கேட்பவர்களும் அவர்களே. (பெரியோர்கள் மன்னிக்க வேண்டும்.)

சுவாமிகள் ஒப்புக்கொண்டாலும் எங்கள் வீட்டில் ஒருவர் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் என் அப்பாயி. எண்பது வயதைத் தொட்டவர். தோட்டத்தில் கொழுந்தெடுத்து என் தகப்பனாரைப் படிக்க வைத்தவர். நான் ஓடப் பழகப்போவதாகச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை, கோபிக்கவுமில்லை. வெற்றிலையை மடித்தபடி, "பசிக்கு நடந்தோம். பயத்துக்கு ஓடினோம். நீ எதுக்குடா ஓடுற?" என்று கேட்டார்.

சபையோர்களே, இந்தக் கேள்விக்கு எந்தப் புத்தகத்திலும் எனக்கு விடை கிடைக்கவில்லை. பயத்துக்கு ஓடியது எப்போது என்பதை இங்கேயுள்ள பெரியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பசிக்கு நடந்ததைப் பற்றி மட்டும் சிறிது சொல்லுகிறேன். என் வயதினர் பலர் அதைப் பாடப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்ததோடு சரி.

1820களில் மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் தோன்றிய நாள் முதல், தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து நம் முன்னோர்கள் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தெற்கு நோக்கி நடந்தார்கள். தம்புள்ளை, நாலந்தை கடந்து அவர்கள் வந்து சேர்ந்த மலைநாட்டு வாசல் நமது மாத்தளை. இங்கிருந்துதான் பல தோட்டங்களுக்குப் பிரிந்து போனார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழியில் எத்தனையோ பேரைக் கொண்டுபோயின. அப்பாயியின் பாட்டி சிறுமியாகத் தன் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வழியில் வந்தவராம். புறப்படும்போது தாயின் மறுகையில் ஒரு தம்பி இருந்தான். மாத்தளைக்கு வந்தபோது அந்தக் கை வெறுங்கையாக இருந்தது. அவன் பெயர் என்னவென்று அப்பாயிக்கும் தெரியாது. கால் இப்படிப்பட்ட காரியத்துக்குப் பயன்பட்ட ஒரு குடும்பத்தில், பேரன் பணம் கட்டிப் பெயர் பதிந்து, நெஞ்சில் இலக்கம் குத்திக்கொண்டு ஓடப்போகிறேன் என்றால் அது அப்பாயியின் காதில் எப்படி விழுந்திருக்கும்?

இந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட்டு, பயிற்சியைப் பற்றி நான் படித்தறிந்தவற்றைச் சொல்லி வருகிறேன். பின்னர் அப்பாயியிடம் திரும்புவோம்.

அரை மரதன் ஒரு நாள் காரியமன்று. நிற்காமல் மூன்று மைல் ஓட வல்லவனுக்கே ஏறக்குறைய பன்னிரண்டு வாரப் பயிற்சி வேண்டும். அதுவும் முடியாதவன் முதலில் எட்டு ஒன்பது வாரம் நடந்தும் ஓடியும் அந்த நிலைக்கு வரவேண்டும். வாரத்தில் மூன்று அல்லது நான்கு நாள் ஓட்டம். அதில் ஒரு நாள் நீண்ட ஓட்டம். அந்த நீண்ட ஓட்டத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பத்துப் பதினொரு மைல் வரை கொண்டுவந்தால், போட்டி நாளில் மிச்சத்தை உடல் சமாளித்துக்கொள்ளும். எனக்கு வியப்பளித்தது என்னவென்றால், பயிற்சியின் பெரும்பகுதி மெதுவாகவே ஓடப்பட வேண்டும் என்பதுதான். பக்கத்தில் ஓடுபவனோடு மூச்சு வாங்காமல் வார்த்தையாட முடிகிற வேகமே சரியான வேகம். வேகமாக ஓடி வீரம் காட்டுகிறவன் மூன்றாம் வாரமே முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவான். இருதயமும் சுவாசப்பையும் சில வாரங்களில் தேறிவிடும். எலும்பும் தசைநாரும் தேற மாதங்கள் செல்லும். நெஞ்சு "ஓடு" என்கிற வேளையில் கால் "பொறு" என்கிறது. காயங்கள் பெரும்பாலும் அந்த இடைவெளியிலேதான் நேர்கின்றன.

ஆபத்து உண்டா என்று தாய்மார் கேட்பார்கள். அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மரதனும் அரை மரதனும் ஓடிய 1 கோடியே 9 இலட்சம் பேரை ஆராய்ந்து 2012 இல் வெளியிட்டார்கள். அவர்களுள் 59 பேருக்கு இருதயம் நின்றது. 42 பேர் இறந்தனர். அரை மரதனில் இந்த ஆபத்து முழு மரதனிலும் பார்க்கக் குறைவு. ஆபத்து மிகச் சிறிது. ஆனால் இல்லையென்று சொல்வதற்கில்லை. குடும்பத்தில் இளவயதில் இருதய நோய் கண்டவர்களும், ஓடும்போது நெஞ்சுவலியோ மயக்கமோ வருபவர்களும் வைத்தியரைக் காணாமல் தொடங்கக் கூடாது. மாத்தளையின் விடியற்குளிரில் பழகியவன் கொழும்பு வெக்கையில் அதே வேகத்தை எதிர்பார்க்கவும் கூடாது. தண்ணீர் வேண்டும், தாகத்துக்கு மிஞ்சி நிறையக் குடிப்பதும் தீமை, இரத்தத்தில் உப்புச் சத்தைக் குறைத்துவிடும்.

சப்பாத்து விஷயம் வேறு. நல்ல ஓட்டச் சப்பாத்தின் விலையைக் கேட்டுவிட்டுக் கடையிலிருந்து நான் ஓடி வந்ததே ஒரு நல்ல பயிற்சி! 1960 இல் ரோமாபுரியில் எத்தியோப்பிய வீரர் அபேபே பிக்கிலா வெறுங்காலோடு ஓடி 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் மரதனை வென்றார் என்று ஒரு நண்பன் என்னைத் தேற்றினான். உண்மைதான். ஆனால் அதே பிக்கிலா 1964 இல் தோக்கியோவில் சப்பாத்தணிந்து ஓடி மறுபடியும் வென்றார் என்பதை அவன் சொல்லவில்லை. நம் நாட்டு நெடுந்தூர வீரர் லூசியன் ரோசா 1970 இல் பாங்கொக் ஆசிய விளையாட்டில் 5,000, 10,000 மீற்றர் இரண்டிலும் தங்கம் பெற்றார். உயரம் பாய்தலில் நம் எதிர்வீரசிங்கம் 1958 இலேயே தோக்கியோவில் ஆசியத் தங்கம் பெற்றவர். திறமைக்குப் பஞ்சமில்லை என்பதற்காகவே இவர்களைச் சொன்னேன். நான் அந்த வரிசையில் நிற்கப் போகிறவன் அல்லன்.

நம் தீமிதியைப் பாருங்கள். தீக்குழியைக் கடப்பது சில விநாடி. அதற்கு முன் எத்தனை நாள் விரதம்! விரதமில்லாமல் இறங்குகிறவனை எந்தப் பெரியவரும் வீரன் என்று சொல்வதில்லை. எனக்கும் அதுபோலவே தோன்றியது. போட்டி நாளில் ஓடலாமா என்று கேட்பதே தவறான கேள்வி. இந்த மூன்று நான்கு மாதமும், மழையிலும் பரீட்சையிலும், விடிய ஐந்து மணிக்கு எழும்ப நான் ஆயத்தமா என்பதே கேள்வி.

என்னை நானே சோதிக்க எண்ணி, போன மாதம் ஒரு நாள் காலை அம்மன் கோவிலடியிலிருந்து வடக்கே அலுவிகாரை வரை ஓடிப் பார்த்தேன். இரண்டு மைல்தான். முதல் மைலில் விவேகானந்தரை நினைத்தேன். இரண்டாம் மைலில் ஒருவரையும் நினைக்க முடியவில்லை. மூன்று முறை நின்று, அலுவிகாரையை அடைந்து, திரும்பும்போது பஸ்ஸில் வந்தேன். வியர்வையில் நனைந்து நின்ற என்னைப் பார்த்து, "தம்பி, யாரும் துரத்துறாங்களா?" என்று நடத்துநர் கேட்டார்.

வீட்டுக்கு வந்து, எந்தப் பக்கம் ஓடினேன் என்று அப்பாயியிடம் சொன்னேன். அது அவர்கள் வந்த வழி. அப்பாயி சிறிது நேரம் பேசாதிருந்தார். அப்போது நான் 2023 ஆம் ஆண்டை நினைவுபடுத்தினேன். மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டு நிறைவை முன்னிட்டு, அந்த ஆண்டு ஜூலை 28 இல் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபயணம் பதினாறு நாட்களில் சுமார் 250 கிலோமீற்றரைக் கடந்து ஆகஸ்ட் 12 இல் நமது மாத்தளைக்கு வந்து சேர்ந்ததல்லவா? அன்று அப்பாயி வீதியோரம் கதிரை போடச் சொல்லிக் காலை முதல் காத்திருந்தார். சராசரி பார்த்தால் அவர்கள் ஒரு நாளில் நடந்தது நான் ஓட நினைக்கும் தூரத்திலும் குறைவு. "அவங்களும் பசிக்கு நடக்கலையே அப்பாயி? அப்ப நீங்க ஏன் அழுதீங்க?" என்று கேட்டேன்.

வாதத்தில் வென்றுவிட்டேன் என்றே நினைத்தேன். அப்பாயி வெற்றிலைப் பெட்டியை மூடினார். "அவுங்க கூட்டமா வந்தாங்கடா. விழுந்தவங்கள ஒருத்தர் தூக்கினாங்க. நீ தனியால்ல ஓடுற?" என்றார்.

அன்றிரவு நண்பர்களுக்கு எழுதி வைத்திருந்த பதிலை நான் அனுப்பவில்லை. வேறொரு தீர்மானத்துக்கு வந்தேன். அதைச் சொல்லவே இன்று எழுந்தேன். கொழும்புப் போட்டிக்கு நான் இன்னும் பெயர் பதியவில்லை. எட்டு வாரம் தவறாமல் ஓடிய பின்பே பதிவேன். அந்த எட்டு வாரமும் தனியே ஓடமாட்டேன். இந்தச் சங்கத்தில் என் வயதினர் இருபது பேராவது இருக்கிறார்கள். அவர்களுள் மூன்று பேர் வந்தாலும் போதும். சகோதரிகளும் வரலாம். 1967 இல் பொஸ்டன் மரதனில் ஓடிய கத்ரீன் சுவிட்சர் என்ற பெண்ணை வழியில் பிடித்து வெளியே தள்ளப் பார்த்தார்கள். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மரதன் 1984 இல்தான் கிடைத்தது. நம் தங்கைமார் இருட்டு விலகாத வேளையில் வீதியில் ஓடுவதற்குத் தடையாக இருப்பது அவர்கள் கால்கள் அல்ல என்பதைப் பெரியோர்கள் அறிவார்கள். ஒரு தகப்பனாரோ மாமாவோ சைக்கிளில் கூட வந்தால் அந்தத் தடை பாதி நீங்கும். இது நிருவாக சபைக்கு என் பணிவான விண்ணப்பம். நாய்களைச் சமாளிக்கவும் ஒரு பெரியவர் உடனிருப்பது நல்லது.

வருகிற சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்குக் கோவில் வாசலில் நிற்பேன். வேகம், கதைத்துக்கொண்டு ஓடும் வேகம். முடியாதவர் நடக்கலாம், மற்றவர்கள் நின்று சேர்த்துக்கொள்வோம். அலுவிகாரை வரை போய்த் திரும்புவோம். பஸ்ஸுக்குச் சில்லறை நான் கொண்டு வருகிறேன்.