நண்பர்கள் திரும்பிப் போகும் மலை



அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வாழும் ஹோப்பி மக்களைப் பற்றி இந்த நினைவுச் சொற்பொழிவில் பேச வந்திருக்கிறேன். அவர்களுடையது வறண்ட மேட்டுநிலம். ஆண்டுக்கு 250 மில்லிமீட்டர் மழை பெய்தால் பெரிது. ஓரடி ஆழம்வரை குழி தோண்டி விதை ஊன்றி, மண்ணுக்குள் தங்கிய ஈரத்தை நம்பியே மக்காச்சோளம் விளைவிக்கிறார்கள்.

அந்த நிலத்துக்கு மழை கொண்டுவருகிறவர்கள் காட்சினாக்கள். மேகம், விலங்கு, செடி, இறந்த முன்னோர் என நூற்றுக்கணக்கான வடிவங்களில் வருகிறவர்கள். ‘ஆவி’ என்றால் நமக்குப் பேய் நினைவுக்கு வரும். ‘தெய்வம்’ என்றால் காலில் விழுவது நினைவுக்கு வரும். இரண்டும் பொருந்தவில்லை. ஹோப்பி மக்கள் அவர்களை நண்பர்கள் என்கிறார்கள்.

குளிர்காலத்தில் அவர்கள் ஊருக்கு வருகிறார்கள். பிப்ரவரியில் பொவமுயா சடங்கு. கிவா என்னும் நிலத்தடி அறையில் கணப்பு மூட்டி, வெளியே குளிர் வாட்டும்போதே அவரையை முளைக்க வைப்பார்கள். அந்தப் பச்சை முளைகளை ஊருக்குக் கொடுப்பது காட்சினாக்கள். முகம் அணிந்து ஆடுகிற ஆண் அப்போது இன்னார் மகனோ இன்னார் மாமனோ அல்ல, காட்சினாவே. பெண் குழந்தைகளுக்கு மரவேரில் செதுக்கிய பாவைகள் கிடைக்கும். (கடைகளில் அது வெறும் பொம்மை.) ஜூலையில் நிமான் சடங்கு முடிந்ததும், ஊராரின் வேண்டுதல்களைச் சுமந்துகொண்டு மலைக்குத் திரும்பிவிடுவார்கள்.

இதை நம் சாமியாட்டத்தோடு ஒப்பிடும் ஆசை எனக்கும் வருகிறது. அவர்கள் சொல்வதைக் கேட்டு முடிக்கும் முன் ஒப்பிடுவது மரியாதையல்ல; விட்டுவிடுகிறேன்.

அந்த மலை பிளாக்ஸ்டாஃப் நகருக்கு வடக்கே இருக்கிறது. ஸ்பானியப் பாதிரிமார் வைத்த சான் பிரான்சிஸ்கோ என்ற பெயரே வரைபடத்தில் நிற்கிறது. நிலம் அரசு வனத்துறையுடையது. சரிவில் ஒரு பனிச்சறுக்குத் தளம். நகரத்துச் சாக்கடையைச் சுத்திகரித்த நீரில் அங்கே செயற்கைப் பனி தூவ 2005இல் வனத்துறை அனுமதித்தது. மழை தரும் நண்பர்களின் வீட்டின்மேல்!

ஹோப்பி, நவஹோ முதலிய பழங்குடிகள் வழக்குப் போட்டார்கள். 2007இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2008இல் அதே நீதிமன்றத்தின் பெரிய அமர்வு அதைப் புரட்டியது. செடி சாகவில்லை, ஊற்று கெடவில்லை, மலைக்குப் போகத் தடையில்லை. பாதிக்கப்படுவது அவர்களுடைய அகவுணர்வு மட்டுமே என்றது. 2009இல் உச்ச நீதிமன்றம் விசாரிக்க மறுத்தது. 2012இல் இயந்திரங்கள் ஓடத் தொடங்கின.

இங்கே உட்கார்ந்திருக்கிற சிலருக்கு ஒரு நெருடல் இருக்கும். தூய்மை, மாசு என்ற சொற்கள் நம்மை எங்கே நிறுத்தின என்று நமக்குத் தெரியும். எனக்கும் அந்த நெருடல் இருந்தது. ஆனால் இந்த வழக்கில் ஹோப்பிகள் யாருடைய பிறப்பையும் அழுக்கு என்று சொல்லவில்லை. கழிவுநீரை எங்கள் நண்பர்களின் வீட்டில் இறைக்காதே என்றார்கள். ஊர்க்கழிவு யார் தலையில் இறங்குகிறது என்பது நமக்கும் பழக்கமான கேள்விதான்.

அகவுணர்வு என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. இறந்துபோன தாத்தாவும் பாட்டியும் மேகமாக வந்து பயிருக்குத் தண்ணீர் விடுகிறார்கள் என்று நம்பி உழைக்கிற விவசாயிக்கு, அந்த மலை மனசுக்குள் இருக்கும் ஒரு சமாச்சாரமா? விதை, மழை, செத்தவர், பிள்ளைகள் எல்லாம் அதில் கோத்துக் கிடக்கின்றன. அதில் எது உணர்வு, எது பிழைப்பு என்று நீதிமன்றம் எந்தக் கத்தியால் பிரித்தது?

2007இன் தீர்ப்பை எழுதிய நீதிபதி வில்லியம் பிளெட்சரே 2008இல் மாறுபட்ட தீர்ப்பையும் எழுதினார். சட்டம் படிக்கும் மாணவர்கள் அதைப் பெரும்பான்மைத் தீர்ப்போடு சேர்த்து வாசியுங்கள். அடுத்த கூட்டத்தில் பேசுவோம்.