கூட்டுறவுக் கடனும் தவணை வசூலும்



வெள்ளி விழா மேடையில் வாழ்த்துரை வழங்குவதே மரபு. வாழ்த்துவோர் நிரம்ப வந்திருப்பதால் நாம் கடனைப் பற்றிப் பேச முற்படுகிறோம்.

கடன் நம் மக்களுக்குப் புதியதன்று. திருமணத்திற்கு வாங்கிய சொற்பத் தொகைக்காகத் தலைமுறைகளே பண்ணையில் கட்டுண்டு கிடந்தன. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976ஆம் ஆண்டில்தான் வந்தது. நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் வட்டியென்றால் ஆயிரம் ரூபாய்க்கு ஆண்டு வட்டி 1,200 ரூபாய். முதலோ அப்படியே நிற்கும். சங்கத்தில் நூற்றுக்கு ஆண்டுக்குப் பன்னிரண்டு எனில் 120 ரூபாய்தான்.

1920களில் சென்னை மாகாணத் தொழிலாளர் துறை, நம்மவர் குடியிருப்பு மனை பெறுவதற்கெனக் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்தது. குடிசை நின்ற மண் மிராசுதாருடையதாக இருந்தவரை, கூலி உயர்வு கேட்டவனை அவர் வெளியேற்றிவிடலாம். தவணை செலுத்தி மனையைச் சொந்தமாக்கியவனுக்கு அந்த அச்சமில்லை. தவணையின் பெருமையை இதைவிட எப்படி விளக்குவது?

வசூல் என்பது கடன் கொடுக்கும் நாளிலேயே தொடங்குகிறது. கறவை மாட்டுக்கு என்றால் பால் பணம் கைக்கு வரும் நாளில் தவணை. சம்பா நடவுக்கு என்றால் அறுவடைக்குப் பின். பயிர் பச்சையாய் நிற்கும் ஐப்பசியில் கேட்டால், அவர் வட்டிக்காரரிடம் வாங்கித்தான் சங்கத்திற்குக் கட்டுவார். இருவர் ஒருவருக்கொருவர் மாற்றிப் போட்டுக்கொள்ளும் பிணை, பிணையே அன்று.

தவணை தவறியோர் அனைவரையும் ஒன்றாக எண்ணுதல் கூடாது. மாட்டைப் பறிகொடுத்தவருக்குக் குழு தீர்மானம் எழுதிக் காலநீட்டிப்பு வழங்கலாம். வசதியிருந்தும் கொடாதவர் மீது சட்டப்படி நடவடிக்கை எடுத்தே ஆகவேண்டும், அவர் குழுவினரின் மைத்துனராயினும்!

எல்லாவற்றினும் கொடியது புத்தகச் சரிக்கட்டல். 5,000 ரூபாய்க் கடனும் 600 ரூபாய் வட்டியும் திரும்பவில்லை. 5,600 ரூபாய்க்குப் புதுக் கடன் எழுதிப் பழையதை அடைத்துவிடுகிறார்கள். பேரேட்டில் முழு வசூல், பெட்டியில் காசில்லை. அடுத்த ஆண்டு வட்டி 672 ரூபாய். ஏழை உறுப்பினர், தாம் கண்ணால் காணாத கடனுக்கும் வட்டி கட்டுகிறார்.

“அரசு தள்ளுபடி செய்துவிடும்” என்போரும் உண்டு. 1990இல் நடுவண் அரசும், 2021இல் தமிழக அரசு கூட்டுறவுப் பயிர்க்கடன்களிலும் தள்ளுபடி செய்தது உண்மையே. நிலமில்லாமல் பயிர்க்கடனே பெறாதவருக்கு அதனால் வந்தது என்ன? உறுப்பினர்கள் சிறுகச் சேர்த்த பணத்தைக் கடனாகக் கொடுக்கும் நம் சிக்கனச் சங்கம் போன்றவற்றுக்கு அந்த நம்பிக்கை விஷம்.

இளைஞர்களே! படித்த நீங்கள் கைநாட்டு வைக்கும் மூதாட்டியாருக்கு அவருடைய கணக்கைப் படித்துச் சொல்லுங்கள். கட்டிய பணத்திற்கு ரசீது உண்டா என்று பாருங்கள். வரும் பேரவைக் கூட்டத்தில் நிலுவைப் பட்டியலைக் குழு உறுப்பினர்களின் பெயர்களிலிருந்து தொடங்கிப் படிக்குமாறு கேளுங்கள்.