வண்டி வருவது தெரிகிறதா?

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

இது அறிவியல் ஆசிரியர்களுக்கு மட்டுமான பேச்சு அல்ல. ஒன்றாம் வகுப்பு எடுப்பவர்களுக்குத்தான் இது அதிகம் தேவைப்படும்.

திரைப்படம் எப்படி ஓடுகிறது என்று பிள்ளைகள் கேட்டால், 'பார்வை நீட்டிப்பு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். கண்ணில் பிம்பம் சிறிது நேரம் தங்குவது உண்மைதான். ஆனால் பழைய பிம்பத்தின் மேல் புதியது விழுந்தால் குழம்பிய படம்தானே தெரிய வேண்டும்? நகர்வு எங்கிருந்து வந்தது? 1912இல் ஜெர்மனியில் மாக்ஸ் வெர்தைமர் இரண்டு கோடுகளை அடுத்தடுத்துக் காட்டினார். இடைவெளி ஏறத்தாழ 60 மில்லி வினாடியாக இருந்தபோது, ஒரே கோடு இங்கிருந்து அங்கே போவதாகத் தெரிந்தது. அங்கே எதுவும் நகரவில்லை. நகர்வு மூளை உண்டாக்கியது.

இதற்கென்று மூளையின் பின்பக்கம் தனிப்பகுதியே இருக்கிறது. அது இருபுறமும் பாதிக்கப்பட்ட ஒரு பெண்மணியைப் பற்றி 1983இல் மியூனிக் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அவருக்கு நிறம் தெரியும், பொருள்கள் தெரியும், நகர்வு தெரியாது. தேநீர் ஊற்றினால் அது உறைந்து நிற்பதாகத் தோன்றும். கோப்பை நிறைவது தெரியாமல் வழிந்துவிடும். தொலைவில் பார்த்த வண்டி, சாலையைக் கடக்கப் போகும்போது திடீரென்று பக்கத்தில் இருக்கும். பிறகு ஒலியைக் கேட்டு வண்டியின் தொலைவைக் கணிக்கப் பழகிக்கொண்டாராம்.

இனி நம் பள்ளி வாசலுக்கு வருவோம். நேராக நம்மை நோக்கி வரும் வண்டி இடமோ வலமோ நகர்வதில்லை. கண்ணில் அதன் பிம்பம் பெரிதாகிறது, அவ்வளவுதான். ஒரே அளவுள்ள இரண்டு வண்டிகள், இரண்டும் ஐந்து வினாடியில் நம்மிடம் வந்துவிடும் என்று வையுங்கள். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வருவது இப்போது சுமார் 42 மீட்டர் தள்ளி இருக்கும், 60 கி.மீ. வேகத்தில் வருவது 83 மீட்டர் தள்ளி. தூரத்தில் இருப்பதன் பிம்பம் பாதி அளவு. அது பெரிதாகும் வேகமும் பாதி. ஆக, வேகமாக வருகிற வண்டிதான் அசையாமல் நிற்பதுபோல் தோன்றும்! இருசக்கர வாகனம் என்றால் அகலம் குறைவு, இன்னும் மோசம்.

பெரியவர்களின் மூளை இதை ஓரளவு சமாளித்துவிடுகிறது. தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளால், மணிக்கு 20 மைலுக்கு, அதாவது சுமார் 32 கி.மீ.க்கு மேல் வேகமாக நெருங்கும் வண்டியை நம்பகமாக உணர முடிவதில்லை என்று 2011இல் வெளியான ஓர் இங்கிலாந்து ஆய்வு காட்டியது. 'பார்த்துப் போகக் கூடாதா?' என்று நாம் திட்டுகிற பிள்ளை பார்த்துவிட்டுத்தான் போயிருக்கும். வண்டியையும் பார்த்திருக்கும். அது வருவதுதான் தெரிந்திருக்காது.

ஆகவே 'வண்டி வருகிறதா என்று பார்' என்பதோடு நிறுத்தாதீர்கள். 'தூரத்தில் வண்டி தெரிந்தாலே நில். அது நிற்பதுபோல் இருந்தாலும் வருகிறது என்றே வைத்துக்கொள்' என்று சொல்லுங்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் பள்ளி உள்ளவர்கள், மாலை மணி அடித்ததும் சிறு வகுப்புகளைச் சாலை கடத்திவிட ஒரு பெரியவரை நிறுத்த முடியுமா என்று அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலேயே பேசிவிடுங்கள்.