எலும்பும் ரோமமும் குன்றும் பரம்பரை நோய்

(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம் வெகு அபூர்வமானதொரு நோய். ஆயினும், தமக்குள்ளேயே கொள்வினை கொடுப்பினை செய்துவரும் சமூகத்தார் அனைவரும் அறியத்தக்கது.

அமெரிக்காவில் ஆமிஷ் என்னும் கிறிஸ்தவக் கூட்டத்தார் உளர். பென்சில்வேனியாவில் வாழும் அவர்கள், ஐரோப்பாவினின்று 18-ஆம் நூற்றாண்டில் குடியேறிய சிறு தொகையினரின் வழிவந்தோர். தம் கூட்டத்திற்குள்ளேயே மணம் புரிவோர். அவர்களுள் கைகால் குறுகி, மயிர் மெலிந்திருந்தோரை விக்டர் மக்யூசிக் என்னும் வைத்திய நிபுணர் ஆராய்ந்து, 1965-இல் இதனைத் தனி நோயென விவரித்தார். குருத்தெலும்பும் ரோமமும் குறைவாய் வளர்தல் என்பதே இட்ட பெயரின் பொருள். பின்லாந்திலும் இது காணப்படுகிறது. ஆங்கு ஏறத்தாழ 23,000 பிறப்புகளுக்கு ஒன்று.

இதன் குறிகளைக் கூறுவோம். பிறக்கும்போதே கைகால்கள் குறுகியிருக்கும். வளர்ந்த பின்னும் பெரும்பாலோர் நான்கடி அல்லது அதற்குச் சற்று மேலாகவே நிற்பர். விரல்கள் குட்டையாகவும் மிக வளைவனவாகவும் இருக்க, முழங்கையோ முற்றும் நீளாது. கால்கள் வில்போல் வளைதலும் உண்டு. எக்ஸ்ரே படத்தில் நீண்ட எலும்புகளின் முனையை அடுத்த பாகம், முக்கியமாய் முழங்காலருகே, ஒழுங்கற்றுத் தோன்றும். தலைமயிர், புருவம், இமைமயிர் ஆகியவை மெல்லியனவாய், அடர்த்தியின்றி, நிறம் வெளுத்திருக்கும். சிலருக்கு மயிர்க்குறை புலப்படுவதுமில்லை. அறிவுக்கு யாதொரு குறைவுமில்லை.

உருவக் குறையினும் அஞ்சத்தக்கது தேகத்தின் எதிர்ப்புச் சக்தி குன்றுதலே. பிறருக்கு எளிதில் நீங்கும் சின்னம்மை இவர்களுள் சிலருக்கு உயிருக்கே அபாயமாகும். குழந்தைப் பருவத்தில் இரத்த சோகையும், குடலில் நரம்புக் குறையால் மலச்சிக்கலும், பிற்காலத்தில் நிணநீர்ப் புற்றுநோயும் சிலரிடம் நேர்வதுண்டு. ஆதலால் உயிருள்ள கிருமி சேர்ந்த தடுப்பூசிகளை வைத்தியரைக் கேளாது போடலாகாது. எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை எதிர்ப்புச் சக்தியை மீட்கும், உயரத்தை மீட்காது.

காரணம் யாது? ஒன்பதாம் குரோமோசோமிலுள்ள ஆர்.எம்.ஆர்.பி. என்னும் ஜீனின் பழுதே என 2001-இல் கண்டறிந்தனர். பழுதான பிரதி ஒன்றை மட்டும் உடையார் ஆரோக்கியமாகவே இருப்பர். தாய் தந்தை இருவரும் அவ்வாறிருப்பின், ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு நோய் நேரக்கூடும். ஒரே மூதாதையின் வழிவந்தோர் மணந்தால், அதே பழுது இருவரிடத்தும் இருத்தற்கு இடம் மிகுதி.

நம்மவருள் இந்நோய் பரவியுள்ளதென நாம் சொல்லவில்லை. ஆனால் மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் வழக்கம் நம்முடையது. இவ்விதமாய் மறைந்து வரும் நோய்களோ பல. எனவே சம்பந்தம் பேசுமுன், இரு குடும்பத்திலும் குழந்தைகளுக்குற்ற நோய்களை ஒளியாது பேசி, வைத்தியரைக் கலந்துகொள்ளுங்கள். அத்தகைய குழந்தை பிறந்துவிடின், பெற்றவளைப் பழிக்கவேண்டாம்; பழுது இருபாலாரிடமிருந்தும் வந்ததே. அதனை வீட்டில் மறைத்து வையாமல், காய்ச்சலுக்குக் காலத்தில் மருந்தும் ஏனைய பிள்ளைகளைப் போலக் கல்வியும் கொடுங்கள். அதுவே நம் கடமை.