வேலை தேடும் தம்பி தங்கைகளுக்கு

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் இறுதியாண்டு மாணவர்களுக்காக ஆற்றிய உரை)



1984-இல் இங்கே பி.எஸ்ஸி. வேதியியல் முடித்தவன் நான். முதலில் ஒரு சர்க்கரை ஆலையின் லேபில் இருந்தேன். பிறகு மருந்து தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் சேர்ந்து, அங்கேயே தரக்கட்டுப்பாட்டுப் பிரிவின் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றேன். கடைசி பதினெட்டு வருஷம், ஆள் எடுக்கும் குழுவில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். ஆகவே இன்று நான் பேசப்போவது மேசைக்கு அந்தப் பக்கத்துச் சமாச்சாரம்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். எல்லா வேலைக்கும் இன்டர்வியூ கிடையாது. 2016 ஜனவரி 1 முதல் மத்திய அரசின் குரூப் சி பணிகளுக்கும், கெஜட் அந்தஸ்து இல்லாத குரூப் பி பணிகளுக்கும் நேர்முகத் தேர்வை எடுத்துவிட்டார்கள். பொதுத்துறை வங்கிகளில் கிளார்க் வேலைக்கும் எழுத்துத் தேர்வோடு சரி. அங்கே போக நினைப்பவர்கள் டை கட்டப் பழக வேண்டாம், உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். சிவில் சர்வீஸில் இன்னும் உண்டு. மொத்தம் 2025 மதிப்பெண்ணில் 275 நேர்முகத்துக்கு. மெயின் தேர்வைத் தமிழில் எழுதியவர்கள் நேர்முகத்தையும் தமிழிலேயே சந்திக்கலாம். தனியார் கம்பெனிகளில்தான் இந்த மேசையும் நாற்காலியும் பெரும்பாலும் முடிவு செய்கின்றன.

எங்கள் காலத்தில் ரிசல்ட் வந்ததும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் க்யூவில் நிற்போம். கார்டை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க மறந்தால் சீனியாரிட்டி போச்சு. மற்றபடி நம் கல்லூரி நூலகத்தில் புதன்கிழமை 'ஹிந்து' பத்திரிகையின் வேலைவாய்ப்புப் பக்கத்துக்கு அடிதடி நடக்கும். பாதி நாள் நாங்கள் போவதற்குள் யாரோ ஒரு புண்ணியவான் பிளேடால் விளம்பரத்தை வெட்டிக்கொண்டு போயிருப்பான். (அவன் இன்று மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான். பெயர் சொல்ல மாட்டேன்.)

இன்று விளம்பரமெல்லாம் உங்கள் செல்போனுக்கே வந்துவிடுகிறது. ஆனால் ஒன்று மாறவில்லை. சின்ன, நடுத்தரத் தொழிற்சாலைகளில் ஓர் இடம் காலியாகப் போகிறது என்பது வெளியே தெரிவதற்கு முன்பே உள்ளே இருப்பவனுக்குத் தெரியும். எங்கள் லேபில் ஆள் தேவைப்பட்டால் முதலில் அங்கே வேலை பார்க்கும் பையன்களிடம்தான் கேட்பேன், "உன் கிளாஸ்மேட் யாராவது சும்மா இருக்கானா?" என்று. அதனால் இந்த மலரின் கடைசியில் இருக்கும் முகவரிப் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் இருப்பவர்களிடம் போய் சிபாரிசு கேட்டால் சங்கடப்படுவார்கள். "அண்ணே, உங்க லேபில் என்ன டெஸ்ட் பண்றீங்க, புதுசா வர்றவங்களுக்கு என்ன தெரிஞ்சிருக்கணும்?" என்று கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார்கள். எங்களுக்கும் பேச ஆசைதானே!

இனி அந்த மேசைக்கு வருகிறேன்.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஆரம்பிப்போம். காலையிலிருந்து சாயங்காலம் வரை முப்பது பேர் வருவார்கள். முப்பது பேரும், "மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர், மை ஹாபி இஸ் லிசனிங் டு மியூசிக், மை ஸ்ட்ரெங்த் இஸ் ஹார்ட் ஒர்க்" என்பார்கள். பதினோரு மணிக்கே எங்களுக்குக் கொட்டாவி வந்துவிடும். பிள்ளைகள் மேல் தப்பில்லை. ஏதோ ஒரு கோச்சிங்கில் இதைத்தான் மனப்பாடம் பண்ணச் சொல்லி அனுப்புகிறார்கள்.

ஒரு பையன் வந்தான். கிராமத்துப் பையன், பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். அவனும் அதே பாட்டைத்தான் ஆரம்பித்தான். மூன்றாவது வரியில் நின்றுவிட்டது. நெற்றியெல்லாம் வேர்வை. பக்கத்திலிருந்த பர்சனல் ஆபீசர் பேப்பரைத் திருப்பி வைத்துவிட்டார். நான் அவன் பயோடேட்டாவைப் பார்த்தேன். புராஜெக்ட், கிணற்று நீரின் கடினத்தன்மை என்றிருந்தது.

"தம்பி, தமிழ்லயே சொல்லுப்பா. தண்ணி எங்க எடுத்த?"

"எங்க ஊர்ல நாலு கிணறு சார். நாலுலயும் எடுத்தேன்."

"எப்படிப் பார்த்த?"

"எரியோகுரோம் பிளாக் டி போட்டு ஈ.டி.டி.ஏ. விட்டேன் சார். ஒயின் சிவப்பு நீலமா மாறணும். மொத நாள் மாறவே இல்ல, ஊதாவுலயே நின்னுச்சு."

"ஏன்?"

"பஃபர் பழசு சார். பாட்டில் மூடி லூஸா இருந்து அம்மோனியா போயிருச்சு. பி.எச். பத்து வரல. புதுசா கலக்கிப் போட்டப்புறம் டக்குனு மாறுச்சு."

"சரி, அந்த மொத நாள் ரீடிங்கை என்ன பண்ணின?"

"ரெக்கார்டுல அப்படியே இருக்கு சார். ஒரு கோடு போட்டு அடிச்சிட்டு, பக்கத்துல காரணம் எழுதி வெச்சிருக்கேன்."

பர்சனல் ஆபீசர் திருப்பி வைத்த பேப்பரை மறுபடி எடுத்தார்.

இதில் என்ன விசேஷம் என்று கலைப்பிரிவு மாணவர்கள் கேட்கலாம். மருந்து லேபில் தப்பாக வந்த ரீடிங்கை அழிப்பதுதான் பெரிய குற்றம். அழித்ததை இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறவர்கள் கண்டுபிடித்தால், அந்த லேப் கொடுத்த மற்ற ரிசல்டையும் நம்ப மாட்டார்கள். ஒரே கோடு போட்டு அடி, பழைய எண் தெரியட்டும், காரணம் எழுது, கையெழுத்துப் போடு, தேதி போடு. வேலைக்கு வந்தவர்களுக்கு இதைப் பழக்கவே எங்களுக்கு மாதக்கணக்கில் ஆகும். இந்தப் பையன் யாரும் சொல்லாமலே செய்திருக்கிறான்.

கடைசியாக ஒரு கேள்வி கேட்டேன். "மேற்குக் கிணறு 480 காட்டுதே, குடிக்கலாமா?"

"ஐ.எஸ். 10500 படி லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள்ள இருந்தா நல்லது சார். வேற தண்ணியே இல்லன்னா 600 வரைக்கும் ஒத்துக்கலாம். ஆனா எங்கம்மா, பருப்பு வேக மாட்டேங்குதுன்னு அந்தத் தண்ணியத் தொடவே மாட்டாங்க."

எல்லோரும் சிரித்துவிட்டோம். வேலையும் கொடுத்தோம்.

அதே நாளில் அவனைவிட நல்ல மார்க், நல்ல இங்கிலீஷ், நல்ல சட்டையோடு இன்னொருவர் வந்தார். புராஜெக்ட் தலைப்பு நாலு வரி நீளம். "பியூரெட்டில் முதல் ரீடிங் எவ்வளவு வந்தது?" என்று கேட்டேன். பதில் இல்லை. டவுனில் ஒரு கடையில் பைண்டிங்கோடு வாங்கிய புராஜெக்ட். அவர் கெட்டிக்காரர்தான், சந்தேகமில்லை. ஆனால் அவர் கை செய்த காரியம் எதையும் அவரால் எங்களுக்குக் காட்ட முடியவில்லை.

இங்கிலீஷ் வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மெத்தட் ஷீட், மெயில், ரிப்போர்ட் எல்லாம் இங்கிலீஷில்தான். அந்தப் பையனும் சேர்ந்த பிறகு டிக்ஷனரியும் கையுமாக அலைந்துதான் ரிப்போர்ட் எழுதக் கற்றுக்கொண்டான். எல்லாக் குழுவும் "தமிழிலேயே சொல்லுப்பா" என்று கேட்கும் என்றும் நம்பிவிடாதீர்கள். இன்றிரவே உட்கார்ந்து, உங்கள் புராஜெக்டைப் பற்றிப் பத்து வாக்கியம் சொந்தமாக இங்கிலீஷில் எழுதுங்கள். கைடைப் பார்க்கக் கூடாது. உங்கள் கிணறு, உங்கள் பாட்டில், உங்கள் ரீடிங். சொந்த வாக்கியம் பாதியில் நின்றாலும் வேறு வழியில் தொடரலாம். மனப்பாடம் நின்றால் நின்றதுதான்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். "தெரியல சார், ஆனா இந்தப் புத்தகத்துல பார்ப்பேன், இப்படிச் செஞ்சு பார்ப்பேன்" என்றால் மார்க் குறைவதில்லை. எங்கள் குழுவில் கூடியிருக்கிறது.

தங்கைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. "கல்யாணம் ஆனா வேலைய விட்டுடுவீங்களா?" என்று இன்னும் சில இடங்களில் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை நான் ஒப்புக்கொள்வதே இல்லை. பையனிடம் யாரும் கேட்பதில்லையே! எங்கள் குழுவில் ஒருவர் அப்படிக் கேட்டபோது, ஒரு பெண் அமைதியாகச் சொன்னாள். "சார், இந்த வேலையில் நைட் ஷிப்ட் உண்டா, உண்டுன்னா கம்பெனி பஸ் வீட்டுத் தெரு வரைக்கும் வருமா, அத மொதல்ல சொல்லுங்க. எவ்வளவு நாள் இருப்பேன்னு அப்புறம் நான் சொல்றேன்." கேட்டவர் தண்ணீர் குடித்தார். அந்தப் பெண்ணை எடுத்தோம். நான் ஓய்வு பெறும்போது அவர் மூன்று பேருக்கு மேலதிகாரி.

சம்பளம் பற்றிக் கேட்டால் கூச்சப்பட வேண்டாம். போன வருஷம் சேர்ந்தவருக்கு என்ன கொடுத்தார்கள் என்று விசாரித்துக்கொண்டு போங்கள். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. உண்டா என்றும் கேளுங்கள்.

கேள்வியே கேட்காத இன்டர்வியூவைக் கண்டால் மட்டும் பயப்படுங்கள். உங்களுக்கு என்ன தெரியும் என்று விசாரிக்காமல் வேலை கொடுக்கிறவனுக்கு வேறு ஏதோ தேவை இருக்கிறது. டெபாசிட் என்பான், டிரெயினிங் ஃபீஸ் என்பான், ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை எங்களிடமே வைத்துவிட்டுப் போ என்பான். சரிபார்க்கக் காட்டுங்கள், கையோடு வாங்கிக்கொண்டு வாருங்கள். 2022-இல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று அழைத்துப் போய், மியான்மரில் மியாவாடி என்ற இடத்தில் அடைத்துவைத்து, ஆன்லைன் மோசடி செய்ய வைத்தார்கள். மீட்கப்பட்டு வந்தவர்களில் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. அந்த செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகமே எச்சரிக்கை வெளியிட்டது. வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் 1983-ஆம் வருஷத்துச் சட்டப்படி அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணை 'இ-மைகிரேட்' தளத்தில் நீங்களே பார்க்கலாம். உங்கள் அப்பா நிலத்தை அடமானம் வைப்பதற்கு முன் பார்த்துவிடுங்கள்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஒரு அறிவிப்போடு முடிக்கிறேன். வரும் மாதம் முதல் ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் பத்து மணிக்கு, வேதியியல் துறையின் பழைய பேலன்ஸ் ரூமில், எங்கள் பேட்ச் ஆட்கள் நான்கு பேர் மேசை போட்டு உட்காரப் போகிறோம். எந்தத் துறை மாணவரும் வரலாம். டை வேண்டாம். ரெக்கார்டு நோட்டையோ, நீங்கள் சொந்தமாகச் செய்த வேறு எதையாவதோ கொண்டு வாருங்கள். அதிலிருந்துதான் கேள்வி கேட்போம்.