போலீஸ் பறித்த சாமிகளும் ஒரு காமிக்ஸ் அட்டையும்



சாமியைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகுமா? பிரேசிலில் போனது. அங்கே அடிமைமுறை 1888இல் சட்டப்படி ஒழிந்தது. இரண்டே ஆண்டில், 1890இன் குற்றவியல் சட்டம் மாந்திரீகத்தைக் குற்றமாக்கியது. அதைக் காட்டிக் கறுப்பின மக்களின் வழிபாட்டிடங்களில் போலீஸ் புகுந்தது. ரியோவில் பறித்த மேளங்களும் சாமி உருவங்களும் காவல்துறை அருங்காட்சியகத்தில் கிடந்தன. 2020இல்தான் அவை குடியரசு அருங்காட்சியகத்துக்கு மாறின. பாஹியா மாநிலத்தில் வழிபாட்டிடம் நடத்த 1976 வரை போலீஸ் அனுமதி வேண்டியிருந்தது.

அந்தப் பாஹியாவின் தலைநகர் சால்வடோரைச் சேர்ந்த ஓவியர் ஹியூகோ கனூட்டோ. ஜாக் கிர்பி வரைந்த அவெஞ்சர்ஸ் அட்டை ஒன்றை மாதிரியாகக் கொண்டு, அமெரிக்க நாயகர்கள் நின்ற இடத்தில் ஒரிஷாக்களை 2016இல் நிறுத்தினார். ஒரிஷாக்கள் யோருபா மக்களின் தெய்வங்கள். அடிமைக் கப்பலில் ஏற்றப்பட்டவர்களின் நினைவிலேயே கடல் கடந்தவர்கள். இடிக்கு ஷாங்கோ, இரும்புக்கு ஓகும், புயலுக்கு இயன்சா. அந்த அட்டைக்குக் கிடைத்த வரவேற்பு, வாசகர்கள் போட்ட பணத்தில் ‘ஒரிஷாக்களின் கதைகள்’ என்ற படக்கதை நூலாக வளர்ந்தது.

நாம் கவனிக்க வேண்டியது கதை நடக்கும் இடம். கரும்புத் தோட்டமில்லை, சவுக்கில்லை. பழைய யோருபா நாடு. ஒடுக்கப்பட்டவர் கதை என்றால் காயத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நம்மிடமும் எழுதாத விதி ஒன்று இருக்கிறதே!

அமெரிக்கச் சட்டை எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அம்பேத்கரைப் பற்றிய ‘பீமாயண’த்தில் (2011) பர்தான் கோண்டு ஓவியர்களான துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் காமிக்ஸ் கட்டங்களையே ஒதுக்கிவிட்டுத் தங்கள் மரபுக் கோலத்தால் பக்கத்தைப் பிரித்தார்கள். நமக்கு அந்த வழியே நெருக்கம். முண்டா காட்டும் நாயகனாக வரைந்தால் தெய்வத்தின் வேறு குணங்கள் சுருங்கத்தான் செய்யும்.

ஆனாலும் எஷுவை நினைத்தால் நாம் சற்றுத் தயங்குகிறோம். முச்சந்திக்காரர், குறும்பர், மனிதருக்கும் தெய்வங்களுக்கும் நடுவே சேதி கொண்டுபோகிறவர். பைபிளை யோருபாவில் மொழிபெயர்த்தபோது சாத்தானுக்கு அவர் பெயரை வைத்துவிட்டார்கள். இன்றும் பிரேசிலில் வழிபாட்டிடங்களை உடைக்கிறவர்கள் ‘பிசாசு’ என்று சொல்லித்தான் உடைக்கிறார்கள். ஆப்பிரிக்க வரலாற்றையும் கறுப்பினப் பண்பாட்டையும் பள்ளியில் கற்பிக்க வேண்டும் என்கிறது அங்குள்ள 2003ஆம் ஆண்டுச் சட்டம். அந்தப் பாடம் நடத்தும் ஆசிரியர் வகுப்பில் விரித்துக் காட்ட, எஷுவைத் தெய்வமாகவே வரைந்த படம் இப்போது ஒன்று இருக்கிறது.